ஹெரால்டு காரின் வைப்பரும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும்

வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு மேற்கே திரும்பினால் மண்ணிவாக்கம், படப்பை எல்லாம் தாண்டி ஒரகடம் வரும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகிற சாலை அங்கேதான் குறுக்கிடுகிறது. அந்தச் சந்திப்பைச் சுற்றிலும் கார், லாரி, பைக், டயர் தொழிற்சாலைகள். ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010-ல் திறந்தது ஒன்று, டைம்லர் 2012-ல் திறந்தது ஒன்று, ராயல் என்ஃபீல்டு 2013-ல் திறந்தது ஒன்று. வடக்கே போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் இந்தச் சாலையில் நூற்றுக்கணக்கான வைப்பர்கள் ஒரே சமயத்தில் ஆடிக்கொண்டிருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்று போனால்தான் கவனிப்பார்கள்!

இதே சாலை தொடங்குகிற பக்கத்தில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே, ஒரு காலத்தில் இன்னொரு கார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற குட்டிக் கார் அங்கேதான் பிறந்தது. அப்பா, தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், முன்பக்கத்தை அப்படியே தூக்கித் திறக்கிற கார் என்றால் உடனே சொல்லிவிடுவார்கள். அந்தக் கம்பெனி 1988-ல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் கார்கள் சில இன்னும் ஓடுகின்றன. மழை வந்தால் அவற்றின் வைப்பரும் ஓட வேண்டும், ஓடாவிட்டால் யாராவது ரிப்பேர் செய்ய வேண்டும். கார் கம்பெனியே போய்விட்ட பிறகு வைப்பரை மட்டும் எப்படி ரிப்பேர் செய்ய முடிகிறது? இதில் ஒரு நல்ல தொழில் வரலாறு ஒளிந்திருக்கிறது. காரைவிடக் காரின் பாகங்களைச் செய்தவர்கள் அதிக நாள் வாழ்ந்த கதை அது.

முதலில் 'வின்டேஜ்' என்கிற வார்த்தை. இங்கிலாந்துக்காரர்கள் இதில் கறார், 1930-க்குப் பிறகு வந்ததை வின்டேஜ் என்று சொல்ல விட மாட்டார்கள். நம் நாட்டில் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி ரொம்பத் தாராளம். முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் உருவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாகப் பதிவு செய்தால் நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவில் இருக்கிற வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். 1961 முதல் 1971 வரை வந்த ஹெரால்டுகள் எல்லாமே இந்தக் கணக்கில் வின்டேஜ்தான். வின்டேஜோ புதுசோ, வைப்பருக்கு விலக்கு இல்லை. முன்கண்ணாடி உள்ள மோட்டார் வண்டிக்குச் சக்தியால் இயங்குகிற, சரியாக வேலை செய்கிற வைப்பர் இருக்க வேண்டும் என்று 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-வது விதி சொல்கிறது. 'சக்தியால் இயங்குகிற' என்று ஏன் குறிப்பாகச் சொல்ல வேண்டும்? கையால் இயக்குகிற காலம் ஒன்று இருந்ததால்தான்.

அந்தக் காலம் 1903-ல் தொடங்கியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயார்க் போனபோது பனி பெய்த ஒரு நாளில் டிராம் ஏறினார். டிரைவர் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் பனி அடிக்க அடிக்க வண்டி ஓட்டினார். ஊர் திரும்பிய மேரி, உள்ளே இருந்தபடியே ஒரு கைப்பிடியைத் திருப்பினால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி ஒன்றை வடிவமைத்து, 1903 நவம்பர் 10-ல் காப்புரிமை வாங்கினார். 1905-ல் கனடாக் கம்பெனி ஒன்றிடம் விற்கப் பார்த்தார். இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகுதான் கார்களில் வைப்பர் சகஜமானது. அவருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

சென்னையில் அப்போதுதான் கார்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தன. சிம்சன் கம்பெனி 1903-ல் ஒரு நீராவிக் காரையே இங்கே செய்து காட்டியது. 'எம்.சி. 1' என்ற முதல் பதிவு எண் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவருடையது. (கணித மேதை ராமானுஜன் 1912-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தாரே சென்னைத் துறைமுகம், அதன் தலைவர்தான் இவர்.) 'எம்.சி. 3' கட்டடக் காண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியாருடையது. அந்தக் காலத்துக் கார்களில் முன்கண்ணாடி என்பதே பெரும்பாலும் விருப்பப் பாகம். மழை வந்தால் மேல்பாதிக் கண்ணாடியை மடித்துவிட்டு நனைந்துகொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

கையால் துடைக்கிற வேலையை இஞ்சினிடம் ஒப்படைக்க இரண்டு வழிகள் வந்தன. ஒன்று வேக்குவம் வைப்பர். இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது குழாயில் உண்டாகிற வெற்றிடத்தை வைத்து வைப்பரை ஆட்டுவது. இதில் பெரிய பெயர் அமெரிக்காவின் டிரைக்கோ. 1916-ல் பஃபலோ நகரத்தில் ஒரு மழை இரவில் ஜான் ஓஷெய் என்பவரின் கார் சைக்கிளில் வந்த ஒருவர் மேல் மோதியது, கண்ணாடியில் ஒன்றும் தெரியாததால். அடுத்த வருடமே அவர் வைப்பர் செய்கிற கம்பெனியைத் தொடங்கிவிட்டார். வேக்குவம் வைப்பர் மலிவு, எளிமை. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்த வெற்றிடம் குறைந்துவிடும். ஏற்காடு மலை மாதிரி ஒரு ஏற்றத்தில் கொட்டுகிற மழையில் மிதித்துக்கொண்டு ஏறும்போது வைப்பர் அசந்து நின்றுவிடும். மேலே போய்க் காலை எடுத்தால் படபடவென்று அடிக்கும். தேவைப்படும்போது தூங்கி, தேவையில்லாதபோது ஆடுகிற வைப்பர்! இருந்தும் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் 1970-களின் தொடக்கம் வரை இது இருந்தது.

இன்னொரு வழி மின்சார மோட்டார். ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1926-ல் மின்சார வைப்பரைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் இந்த வேலையைக் கையில் எடுத்தது பர்மிங்காம் நகரத்து லூகாஸ். ஹெரால்டு கதைக்குள் வருகிற பெயர் இதுதான்.

ஸ்டாண்டர்டு கம்பெனி சென்னையில் 1940-களின் கடைசியில் ஆரம்பமானது. முதலில் வான்கார்டு காரைப் பாகங்களாக இறக்குமதி செய்து பூட்டினார்கள். அப்போது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட இந்தியாவில் அப்படித்தான் பூட்டிக்கொண்டிருந்தன. 1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு முடிவு சொன்னது. படிப்படியாகப் பாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம் என்று. இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் மூட்டை கட்டின. ஹிந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு மூன்றும் தங்கின. காமர்ஸ் படிப்பவர்கள் 'இறக்குமதி மாற்று' என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்களே, அது இதுதான்.

அந்த ஒரு முடிவின் விளைவு கார் கம்பெனியோடு நிற்கவில்லை. காரை இங்கே செய்ய வேண்டும் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, வைப்பர் மோட்டார், பிரேக் எல்லாவற்றையும் யாராவது இங்கே செய்தாக வேண்டும். அப்படி வந்ததுதான் 1961-ல் டி.வி.எஸ்-ஸும் லூகாஸும் கூட்டாகத் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ், சென்னை பாடியில். பக்கத்திலேயே பிரேக் செய்ய சுந்தரம் கிளேட்டன் வந்தது. பாடி வழியாக பஸ்ஸில் போகிறவர்களுக்கு 'லூகாஸ்' என்பது கம்பெனி பெயர் மட்டுமில்லை, இறங்குகிற இடத்தின் பெயரும்கூட. அதே 1961-ல்தான் ஹெரால்டும் வந்தது. பிரிட்டனில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய அவதாரம். வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. 948 சிசி இஞ்சின், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் சாமர்த்தியம். பிரிட்டனில் வராத நான்கு கதவு ஹெரால்டு பின்னால் சென்னையில் வந்தது. அந்த அளவுக்கு இங்கே இருந்த இஞ்சினியர்கள் கை தேர்ந்திருந்தார்கள்.

இப்போது வைப்பருக்கு வருவோம். ஹெரால்டு குடும்பத்துக் கார்களில் இருப்பது லூகாஸ் வகை ரேக் வைப்பர். முன்பக்கத்தைத் தூக்கினால் இஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் மோட்டார் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கும். மோட்டார் சுற்றும், அதன் பல்சக்கரம் ஒரு குட்டித் தண்டை முன்னும் பின்னும் தள்ளும். அந்தத் தண்டு ஒரு கேபிளைத் தள்ளும். கேபிள் என்றால் சாதாரண கேபிள் இல்லை. உள்ளே எஃகுக் கம்பி, அதன் மேல் இடைவெளி விட்டு இன்னொரு கம்பி சுற்றியிருக்கும், பார்க்க நீளமான ஸ்க்ரூ மாதிரி. இது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குழாய் வழியாகப் போகிறது. வழியில் இரண்டு சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பல்சக்கரம். கேபிள் போய் வரும்போது பல்சக்கரங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும், அதோடு வெளியே இருக்கிற வைப்பர் கைகளும் ஆடும். ஒரே வேகம்தான். லேசான தூறலுக்கும் புயலுக்கும் அதே தாளம்.

இது மக்கர் செய்தால் எங்கே ஆரம்பிப்பது? காசு செலவில்லாத இடத்தில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். துடைத்த பிறகும் கோடு கோடாகத் தண்ணீர் நின்றால் மோட்டார் மேல் பழி போட வேண்டாம். முதலில் கண்ணாடியை சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளேடு ரப்பரையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் பத்து மாதம் சும்மா கிடந்து வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் வேலை செய்கிற ரப்பர், கருவாடு மாதிரி காய்ந்துதான் போயிருக்கும். உரசித் தேய்வதற்கு முன்பே வெயிலில் வெந்து சாகிறது. ரப்பர் நன்றாக இருந்தும் கண்ணாடியை அழுத்தவில்லை என்றால் கையில் இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஒரு கை ஆடுகிறது, இன்னொரு கை சும்மா கிடக்கிறது என்றால், கையைப் பிடித்திருக்கிற பற்கள் வழுக்குகின்றன.

வைப்பர் ஆடுகிறது, ஆனால் வயதானவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஆடுகிறது. இதுதான் பழைய லூகாஸ் வைப்பரின் மிகச் சகஜமான வியாதி. பத்துக்கு எட்டு பேர் உடனே மோட்டாரைக் கழற்றுவார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, கேபிளை மோட்டாரிலிருந்து பிரித்து, கண்ணாடியின் மேலிருக்கும் கைகளையும் எடுத்துவிட்டு, கேபிளைக் கையால் இழுத்துத் தள்ளிப் பார்ப்பது. லூகாஸ் கொடுத்த அளவு 6 பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ. ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். அதற்கு மேல் பலம் தேவைப்பட்டால் தப்பு கேபிளிலும் குழாயிலும்தான். அறுபது வருடத்துக் கிரீஸ் உள்ளே மெழுகாக இறுகியிருக்கும், அல்லது குழாய் எங்காவது நசுங்கியிருக்கும். கேபிளை முழுதாக உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் தடவி மாட்டினாலே பாதி வைப்பர்கள் பிழைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் மெக்கானிக்குகளின் ஒரு அழகான வித்தை உண்டு. வைப்பர் முழுச் சுற்று சுற்றுவதில்லை, ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வருகிறது. அதனால் பெட்டிக்குள் இருக்கிற பல்சக்கரத்தில் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும்தான் தேய்ந்திருக்கும், எதிர்ப்பக்கம் புதுசாகவே இருக்கும். பெட்டியைத் திறந்து சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி மாட்டினால் போதும். கேபிளையும் அப்படியே புரட்டி மாட்டலாம். புதுப் பாகம் வாங்காமலே இன்னொரு ஆயுள் கிடைத்துவிடும்! பாகம் கிடைக்காத ஊரில் இந்த மாதிரி வித்தைகள்தான் சோறு போட்டன. திறக்கும்போதே பெட்டிக்கு அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தையும் பார்த்துவிட வேண்டும். அது வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக டிரைவர் காலில் சொட்டும்.

கேபிள் லேசாக ஓடுகிறது, அப்படியும் மெதுவாக ஆடுகிறது என்றால் மோட்டார்தான். கேபிளைப் பிரித்த நிலையில் மோட்டாரை ஓடவிட்டு அம்மீட்டரில் பார்க்கலாம். சுமார் 3 ஆம்பியர் இழுத்தால் நியாயம். அதிகமாக இழுத்துச் சூடானால் உள்ளே பல்சக்கரத்துக் கிரீஸ் காய்ந்திருக்கும். இழுக்கவே இல்லை என்றால் கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது கார்பன் உரசுகிற செம்புத் தகடுகளில் கரி படிந்திருக்கும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் செம்பு மறுபடி பளபளக்கும்.

சுவிட்சை அணைத்தவுடன் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது என்பது அடுத்த புகார். இதற்கு எர்த்தைப் பார்க்க வேண்டும். இந்த வகை வைப்பரில் டேஷ்போர்டு சுவிட்ச் கரண்டைக் கொடுப்பதில்லை. கரண்ட் எப்போதும் மோட்டாருக்கு வந்துகொண்டே இருக்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் இணைக்கிறது. நாம் அணைத்த பிறகும், மோட்டாரின் தலையில் இருக்கிற வட்ட மூடிக்குள் உள்ள குட்டி சுவிட்ச், பிளேடு ஓரத்துக்கு வரும் வரை எர்த்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த எர்த் துருப்பிடித்தால் பிளேடு நட்ட நடுவில் நிற்கும். துருவைச் சுரண்டி இறுக்க வேண்டும். நிற்கிற இடம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் அந்த வட்ட மூடியைத் தளர்த்திச் சிறிது திருப்பினாலே சரியாகிவிடும்.

இன்னொன்றை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கார்களில் இருப்பது இன்றைய ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. இஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுக்காது. மழை இரவில் படப்பை நெரிசலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஊர்ந்தால் பேட்டரி இறங்கி, வைப்பர் தானாகவே சோர்ந்துவிடும். வைப்பரில் ஒரு குறையும் இருக்காது. வண்டியை நகரவிட்டால் மறுபடி உயிர் வரும். 1960-களில் இருந்த சாலைகளை நினைத்துச் செய்த கார், பாவம்.

வாஷர் கதை சின்னது. பழைய பிரிட்டிஷ் கார்களில் வாஷர் என்பது பெரும்பாலும் டேஷ்போர்டில் ஒரு குமிழ், கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பர் பம்ப் தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சும். மோட்டார் கிடையாது, கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. அழுத்தினால் காற்று மட்டும் வருகிறது என்றால், பாட்டிலுக்கு அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் பிடிக்கிற சின்ன வால்வு கெட்டிருக்கும், அல்லது பிளாஸ்டிக் டியூப் விறைத்து மூட்டில் காற்று இழுக்கும். டியூப் நுனியை வெந்நீரில் வைத்து இளக்கி மாட்டலாம், இல்லை அரை அங்குலம் வெட்டிவிட்டு மாட்டலாம். ஆனால் நம் ஊரில் வாஷரைக் கொல்வது போர் தண்ணீர். அந்த உப்பு நாஸிலின் ஊசித் துளையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். ஒரு குண்டூசியும் கொஞ்சம் வினிகரும் போதும். பிறகு பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை ஊற்றி வைத்தால் அந்தத் தொல்லையே இருக்காது. வாஷரே இல்லாத லாரி, பஸ் டிரைவர்கள் கண்ணாடியில் புகையிலையையோ வெட்டின உருளைக்கிழங்கையோ தேய்த்து மழையைச் சமாளித்தார்கள். கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் முத்தாக நிற்காமல் வழிந்து ஓடும். இலவச டெக்னாலஜி :-)

ஒரு கேள்வி வரும். உலகம் இரண்டு வேக வைப்பருக்கும், விட்டு விட்டுத் துடைக்கிற வைப்பருக்கும் போன பிறகும் நம் கார்கள் ஏன் அங்கேயே நின்றன? அமெரிக்காவில் ராபர்ட் கியர்ன்ஸ் என்ற பேராசிரியர், கண் இமைக்கிற மாதிரி இடைவெளி விட்டு ஆடுகிற வைப்பருக்கு 1967-ல் காப்புரிமை வாங்கினார். கார் கம்பெனிகள் தன் யோசனையை எடுத்துக்கொண்டதாக 1978-ல் ஃபோர்டு மேல் வழக்குப் போட்டு, 1990-ல் 10.2 மில்லியன் டாலர் வாங்கினார். ஒரு வைப்பருக்காக அங்கே வாழ்க்கையையே பணயம் வைத்துச் சண்டை நடந்தது. இங்கே சண்டை போட ஆளே இல்லை. மூன்று கம்பெனி, லைசென்ஸ் சொன்ன எண்ணிக்கை, பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிற வாடிக்கையாளர். 1969 முதல் 1975 வரை கார் விலையையே அரசு சட்டப்படி நிர்ணயித்தது. விலையை ஏற்ற முடியாது, ஆள் வாங்காமலும் போக மாட்டார். அப்புறம் எந்த முதலாளி வைப்பருக்கு இரண்டாவது வேகம் வைப்பார்? ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் கெசல் வந்து 1977-ல் நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்று வந்தது. பிரிட்டனின் ரோவர் காரின் உடம்பு, பழைய வான்கார்டு காலத்து இஞ்சின். மாருதி 1983 கடைசியிலேயே வந்து மலிவாக, குறைந்த பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்தபோது இதை யார் வாங்குவார்கள்? மூன்றே வருடம். ஆலை மூடிய பிறகு அங்கே வேலை செய்தவர்களுக்கு எஞ்சியது கைத்தொழில்தான்.

ஆனால் பாடியில் இருந்த மோட்டார் தொழிற்சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு கார் கம்பெனியை நம்பி அது இல்லையே! டிராக்டர், லாரி, ஜீப், அம்பாசடர், பிறகு மாருதி என்று எல்லோருக்கும் பாகம் தேவை. 1996-ல் பிரிட்டனின் லூகாஸ் இன்னொரு கம்பெனியோடு இணைந்தது, 1999-ல் அதையும் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. வாங்கியது. 2001-ல் டி.வி.எஸ். தன் கூட்டாளியின் பங்கையும் வாங்கிக்கொண்டது. 2004-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு பாடிக்கு வந்தது. சைக்கிள் விளக்கு செய்து வளர்ந்த பர்மிங்காம் கம்பெனி தனிக் கம்பெனியாக இன்று இல்லை, பெயர் மட்டும் பாடியில் போர்டாகத் தொங்குகிறது.

ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கும், அதே சமயத்தில் ஃபோர்டு மறைமலை நகருக்கும் வந்ததற்குத் துறைமுகம், நிலம், அரசு தந்த சலுகைகள் என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் வந்து இறங்குவதற்கு முன்பே இங்கே மோட்டார் சுற்றத் தெரிந்தவர்கள், பல்சக்கரம் வெட்டத் தெரிந்தவர்கள், ரப்பர் வார்க்கத் தெரிந்தவர்கள் முப்பது வருடமாக இருந்தார்கள் என்பதைப் பேச்சில் விட்டுவிடுகிறார்கள். 1953-ல் கதவைச் சாத்தியபோது வெளியே போன ஃபோர்டு, திரும்பி வந்தபோது அந்தக் கதவுக்குப் பின்னால் வளர்ந்தவர்களிடம்தான் பாகம் வாங்கியது. லைசென்ஸ் காலம் நல்ல காரைத் தரவில்லை. பாகம் செய்கிற ஆட்களைத் தந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்துக்கு மார்க் போட வேண்டும்.

ஃபோர்டு மறுபடியும் கிளம்பிய கதை தெரியும்தானே? 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசிக் காரை வெளியே விட்டார்கள். 2024-ல் ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்ப உபயோகிக்கப் போவதாக அறிவித்தார்கள். நடுவில் ஃபோர்டு கார் வைத்திருந்தவர்களுக்கு வந்த கவலை, 1988-ல் ஸ்டாண்டர்டு 2000 வைத்திருந்தவர்களுக்கு வந்த அதே கவலை. பாகம் கிடைக்குமா?

ஹெரால்டுக்காரர்கள் அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜி.பி. ரோடு கடைகளில் விசாரிப்பது, புதுப்பேட்டையில் பழைய இரும்புக்கு நடுவே தேடுவது, கிடைக்காவிட்டால் கார்பனை அளவுக்கு ராவி மாட்டுவது, லேத்தில் பல்சக்கரம் வெட்டிக்கொள்வது. பிரித்துப் பார்க்கிற மாதிரி செய்த பொருள் என்பதால் இது முடிகிறது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் முழு மோட்டாரும் மேஜை மேல் இருக்கும். இன்று ஒரகடம் சாலையில் ஓடுகிற கார்களில் வைப்பர் மோட்டார் மூடி முத்திரை போட்ட பெட்டி. விலை கூடிய மாடல்களில் மழை சென்சார் கண்ணாடியில் விழுகிற துளியை ஒளியால் அளந்து, கம்ப்யூட்டரிடம் சொல்லி, அது மோட்டாரிடம் சொல்கிறது. அருமையாக வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. கெட்டால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். பெட்டியோ அந்த ஒரு மாடலுக்கு மட்டும் பொருந்தும்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் வெளியே வந்தது 1998-ல். இப்போதைய விதி மாறாமல் இருந்தால் 2048-ல் அவையும் வின்டேஜ் ஆகும். இரண்டு வேகமும் இடைவெளி விட்டுத் துடைக்கிற வசதியும் கொண்ட அந்த வைப்பரை அப்போது ஒரு கார்த்திகை மழையில் யாராவது ஓடவைத்துப் பார்ப்பார்கள். மோட்டாரும் லிங்க்கும் எப்படியும் லேத்துக்காரரால் சமாளிக்க முடிகிற விஷயம். இடைவெளி நேரத்தைக் கணக்குப் பண்ணுகிற குட்டி சர்க்யூட் போயிருந்தால்தான் தலைவலி, அதற்குப் புதுப்பேட்டையில் இப்போதே ஒன்றிரண்டு வாங்கிப் பத்திரப்படுத்தி வைக்கலாம்.